எழுதி வைத்த கணினி

(கோல சிலாங்கூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர், இளைஞர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லினக்ஸ் கன்டெய்னர்களைத் தானியங்கிக் கருவிகளால் எழுப்புவதும் அமைப்பதும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இது சைபர்ஜெயாவில் வேலை பார்ப்பவர்களுக்கான பேச்சு, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் வந்த பிறகு சிலாங்கூரின் தெற்குப் பக்கம் மாறிப்போனது. அங்கே ஒரு நிறுவனத்தில் ஒரு பொறியாளர் விலகினால் பக்கத்து மேசைக்காரர் வேலையைத் தொடர்வார். ஈஜோக்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ சபாக் பெர்ணத்திலோ ஒரு தோட்டப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் பார்த்துப் பார்த்துச் செய்த சர்வர் ஒன்று கணினி அறை மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு மாற்றல் வந்துவிட்டால் அதைத் தொடவே மற்றவர்கள் அஞ்சுவார்கள். எந்த நிரலை எங்கே போட்டார், எந்தக் கோப்பில் எதைத் திருத்தினார், கடவுச்சொல் என்ன, ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் இடி மின்னலில் வன்தட்டு போகும். பல ஆண்டு உழைப்பும் அதோடு போகும்.

ஆள் குறைவான இடத்துக்குத்தான் இந்த வித்தை அதிகம் தேவை. ஒரு கணினி எப்படி இருக்கவேண்டும் என்பதை, மனிதரும் படிக்கலாம் இயந்திரமும் படிக்கலாம் என்ற வகையில், ஒரு கோப்பாக எழுதி வைத்துவிடுவது. அந்தக் கோப்பு இருந்தால் கணினி போனாலும் திரும்ப வரும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் கன்டெய்னர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். லினக்ஸின் நடுவில் கெர்னல் இருக்கிறது. நினைவகத்தையும் வட்டையும் வலையையும் நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். மெய்நிகர் இயந்திரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெர்னல் வேண்டும். நினைவகம் நிறைய செலவாகும். கன்டெய்னர்கள் பல இருந்தாலும் கெர்னல் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் ஓடும் நிரல்களுக்கு, அந்தக் கணினியில் தாங்கள் மட்டுமே இருப்பதுபோல் தெரியும். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த ச்ரூட் இதன் முதல் வித்து. லினக்ஸில் இது இரண்டு வசதிகளால் நடக்கிறது. எது கண்ணில் படவேண்டும் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது. எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை சிகுரூப் தீர்மானிக்கிறது. நேம்ஸ்பேஸ்கள் 2002 முதல் ஒவ்வொன்றாக வந்தன. கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய சிகுரூப் வேலை 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலில் சேர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2013இல் 3.8 கெர்னலோடு பயன்பாட்டுக்கு வந்த பயனர் நேம்ஸ்பேஸ். கன்டெய்னருக்குள் ரூட் பயனரின் எண் 0. அவரால் உள்ளே எல்லாம் செய்ய முடியும். ஆனால் வெளியே, உண்மையான கணினியின் கணக்கில், அதே ஆள் 100000 போன்ற ஓர் எண்ணுடைய, எந்த அதிகாரமும் இல்லாத சாதாரணப் பயனர். உள்ளே ஒரு மாணவன் தவறாக எதையாவது அழித்துவிட்டாலும் பக்கத்துக் கன்டெய்னரை அது தொடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் ரூட் அதிகாரத்தைத் துணிந்து கொடுத்துக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இந்த வசதிகளைச் சேர்த்துக் கையாள எல்எக்ஸ்சி 2008இல் வந்தது. சாலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். கனோனிக்கல் நிறுவனம் 2014இல் எல்எக்ஸ்டியை அறிவித்தது. 2023இல் அதைத் தன் நேரடி நிர்வாகத்துக்குள் எடுத்துக்கொண்டபோது, அதை உருவாக்கியவர்களில் சிலரும் சமூகத்தாரும் சேர்ந்து இன்கஸ் என்ற கிளையைத் தொடங்கினார்கள். பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது இன்கஸ்தான். அதன் 6.0 நீண்டகாலப் பதிப்பு 2024 ஏப்ரலில் வந்தது.

எட்டு ஜிகாபைட் நினைவகம் உள்ள ஒரு பழைய மேசைக் கணினியில் மூன்று கன்டெய்னர்களைத் தாராளமாக ஓட்டலாம். ஒன்றில் நூலகப் பட்டியலுக்குக் கோஹா. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000இல் புழக்கத்துக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. இன்னொன்றில் கிவிக்ஸ் வழியாக இணையம் இல்லாமலே படிக்கத் தமிழ் விக்கிப்பீடியா. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். மூன்றாவதில் பாடங்களுக்கு மூடில். ஒன்றை மேம்படுத்தும்போது மற்றொன்று கெடாது. ஒன்று நினைவகத்தை விழுங்கத் தொடங்கினால், வரம்பு வைத்திருந்தால், சிகுரூப் அதைத் தடுத்து நிறுத்தும். கெர்னலே விழுந்தால் மூன்றும் சேர்ந்து விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும். ஒரு கன்டெய்னரை நன்றாகச் செய்துவிட்டு அப்படியே நகலெடுத்துப் பத்துப் பள்ளிக்கும் கொடுத்துவிட்டால் என்ன? எதற்கு எழுதி வைக்கவேண்டும்?

அதற்கு நம் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். உங்களில் பலருடைய பாட்டன் பாட்டிகள் குலை வெட்டிய மண் அது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு மரங்களின் வழிவந்தவைதான் அந்தக் காலத்துச் செம்பனைகள். பல பத்தாண்டுகள் கழித்து, நன்றாகக் காய்க்கும் மரத்தின் திசுவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் அச்சு அசலாக நகல் கன்றுகள் வளர்க்கும் முறை வந்தது. ஒரே மரபணு, ஒரே விளைச்சல் என்று எல்லாரும் நம்பினார்கள். கன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வயலில் நட்டு, வருடங்கள் கழித்துப் பூத்தபோதுதான் பல மரங்களில் பழம் விகாரமாக வந்தது. சில மரங்களில் குலையே முதிராமல் போனது. 1980களில் வெளிப்பட்ட இந்தக் குறையின் காரணம் 2015இல்தான் தெரிந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா, ராஜிந்தர் சிங் ஆகியோரின் குழு, வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, நேச்சர் இதழில் அதை வெளியிட்டது. மரபணுவின் எழுத்துவரிசை மாறவில்லை. அதன் மேல் படிந்திருக்கவேண்டிய ஒரு வேதியியல் குறி, ஒரு குறிப்பிட்ட இடத்தில், திசு வளர்ப்பின்போது அழிந்துபோயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலை நகலோடு சேர்ந்து பரவியது.

நகலெடுத்த கணினியிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு லினக்ஸ் அமைப்புக்கும் ஓர் அடையாள எண் கோப்பு உண்டு. கவனமில்லாமல் நகலெடுத்தால் பத்துக் கணினிக்கும் அதே எண் போய்விடும். வலையில் முகவரி கேட்கும்போது அந்த எண்ணை வைத்துத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அமைப்புகளில், இரண்டு கன்டெய்னர்களுக்கு ஒரே முகவரி கிடைத்து ஒன்றை ஒன்று தள்ளிவிடும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச்சின் சாவிகளும் ஒன்றாகவே இருக்கும். ஒரு பள்ளியின் சாவி வெளியே போனால் பத்துப் பள்ளிக்கும் போனதாக அர்த்தம். யாரோ என்றோ சோதனைக்காகத் திறந்துவிட்ட ஒரு கதவு, மறந்துபோன ஒரு கடவுச்சொல், எல்லாம் நகலோடு போகும். பார்க்க நன்றாக இருக்கும். மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்காக நகலெடுப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வெறுமையான ஒரு படிமத்திலிருந்து, அதாவது தொடக்கக் கோப்புத்தொகுதியிலிருந்து, தொடங்கி, எழுதிய கோப்பின்படி ஒவ்வொரு முறையும் புதிதாக எழுப்புங்கள். அப்போது உள்ளே இருப்பதெல்லாம் கோப்பில் எழுதியதாகவே இருக்கும்.

இந்த எண்ணத்தை முதலில் செயலாக்கியவர் மார்க் பர்கெஸ். இயற்பியல் படித்தவர். 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பலவகை யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் தொல்லையிலிருந்து சிஎஃப்என்ஜின் என்ற கருவியை எழுதினார். செய்யவேண்டிய வேலைகளை வரிசையாகக் கட்டளையிடாமல், எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டால், கணினி தானே தன் இன்றைய நிலையைப் பார்த்து வேண்டியதை மட்டும் செய்து அந்த நிலைக்கு வந்து சேரவேண்டும் என்பது அவர் கருத்து. 2005இல் லூக் கேனிஸின் பப்பெட், 2009இல் செஃப், 2011இல் சால்ட், 2012இல் மைக்கேல் டிஹானின் ஆன்சிபிள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஆன்சிபிளை 2015இல் ரெட் ஹேட் வாங்கியது. நான் ஆன்சிபிளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நிர்வகிக்கப்படும் கணினியில் நிரந்தரமாக ஒரு முகவர் நிரல் ஓடத் தேவையில்லை. கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவருக்கு இதுவே எளிதாகக் கைவரும்.

ஆன்சிபிள் கோப்பு யாமல் என்ற எழுத்துமுறையில் இருக்கும். அதில் இடைவெளிகள்தான் இலக்கணம். டேப் விசையை அழுத்தினால் ஏற்காது. இந்த மென்பொருள் இருக்கவேண்டும், இந்தக் கோப்பு இந்த உள்ளடக்கத்தோடு இருக்கவேண்டும், இந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்கவேண்டும் என்று மேலிருந்து கீழாக எழுதுகிறோம். ஓட்டினால், ஒவ்வொரு வரிக்கும் ஏற்கெனவே சரியாக இருந்ததா, மாற்றப்பட்டதா, தோல்வியா என்று கணக்குச் சொல்லும். உடனே இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். மாறியது 0 என்று வரவேண்டும். வரவில்லை என்றால் உங்கள் கோப்பில் நிலையைச் சொல்லாமல் கட்டளையைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர் என்று கட்டளையாக எழுதினால், பத்து முறை ஓட்டும்போது பத்து வரி சேர்ந்துவிடும். அந்த வரி இருக்கவேண்டும் என்று எழுதினால் ஒரே வரிதான் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்ட மாணவர் இந்தத் துறையின் பாதியைப் புரிந்துகொண்டார் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

எழுப்புவது வேறு, அமைப்பது வேறு. கன்டெய்னரை உருவாக்கி அதற்கு எவ்வளவு நினைவகம், எந்த வலை, எந்த வட்டு என்று சொல்வது முதல் கட்டம். பெரிய இடங்களில் இதற்கு டெரஃபார்மும், 2023இல் அதன் உரிமம் மாறிய பிறகு கிளைத்த ஓபன்டோஃபுவும் பயன்படுகின்றன. நமக்கு, இந்த அளவுகளை எழுதிவைக்கும் இன்கஸின் சொந்தப் புரொஃபைல்களே போதும். இரண்டாம் கட்டத்துக்குள் நுழையும்போது எல்லாரும் ஒரு கல்லில் இடறுவார்கள்: ஆன்சிபிளின் பெரும்பாலான வேலைகளுக்கு எதிர்முனையில் பைத்தான் நிரல்மொழி வேண்டும், புதிதாக எழுப்பிய சிறிய படிமத்தில் பைத்தானும் இருக்காது, எஸ்எஸ்ஹெச்சும் இருக்காது. முதல் இயக்கத்திலேயே அமைப்பு வேலை செய்யும் கிளவுட்இனிட் என்ற நிரல் சேர்ந்த படிமத்தை எடுத்தால், பைத்தானும் அதோடு வந்துவிடும். அல்லது பைத்தான் தேவைப்படாத ரா என்ற ஆன்சிபிள் வழியால் முதலில் அதை நிறுவலாம். எஸ்எஸ்ஹெச்சைத் தவிர்க்க, இன்கஸ் வழியாகவே உள்ளே போகும் இணைப்புச் செருகி இருக்கிறது. கன்டெய்னருக்குள் ஒரு கதவு குறைவு, நல்லது.

இனி நம் நாட்டுக்கே உரிய சில வரிகள். படிமங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மலேசிய நேரம் 1982 ஜனவரி 1 முதல் அதற்கு 8 மணி முன்னால். இரவு 2 மணிக்கு நடக்கட்டும் என்று நீங்கள் வைத்த காப்புநகல் வேலை, நேர மண்டலத்தை மாற்றாவிட்டால், காலை 10 மணிக்கு, பிள்ளைகள் கணினி அறையில் உட்கார்ந்திருக்கும்போது தொடங்கி எல்லாவற்றையும் மெதுவாக்கும். ஆசிரியர்கள் இணையத்தைக் குறை சொல்வார்கள். ஆசியா, கோலாலம்பூர் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

அடுத்தது லொகேல், அதாவது மொழியையும் எழுத்துக் குறியேற்றத்தையும் சொல்லும் அமைப்பு. இதை நம்மவர்கள் யாரும் விட்டுவிடக்கூடாது. லொகேல் எதுவும் வைக்காத கன்டெய்னரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவினால், அது எழுத்துக் குறியேற்றத்தை எஸ்க்யூஎல் ஆஸ்கி என்று வைத்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது. தமிழ்ப் பெயர் போனால், அது எழுத்துகளைப் பார்க்காமல் பைட்டுகளை எண்ணும். ஒரு தமிழ் யூனிகோட் குறிக்கு மூன்று பைட். நீளம் தவறும், பாதி எழுத்தில் வெட்டுப்படும். தரவு சேர்ந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே யூடிஎஃப்-8 லொகேலை அமைக்கும் வரி, தரவுத்தளத்தை நிறுவும் வரிக்கு மேலே இருக்கவேண்டும். முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்த நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது கோலாலம்பூரில். நம் பிள்ளைகளின் பெயர்கள் நம் பள்ளிக் கணினியிலேயே சிதையக்கூடாது.

மூன்றாவது, இணைய இணைப்பு. தோட்டப்புறத்தில் மழை வந்தால் இணைப்பு தேயும். ஒரு சிறு கன்டெய்னரில் டெபியன் மென்பொருள்களைச் சேமித்து வைக்கும் கிடங்கு ஒன்றை வையுங்கள். முதல் கன்டெய்னர் இறக்கியதை மற்றவை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆன்சிபிளை வெளியிலிருந்து தள்ளுவதற்குப் பதிலாக, பள்ளிக் கணினியே நேரம் பார்த்து, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கிடங்கிலிருந்து கோப்பை இழுத்துத் தன்மேல் செயல்படுத்திக்கொள்ளும் முறையும் உண்டு. இணைப்பு விட்டு விட்டு வரும் இடங்களுக்கு அதுதான் பொருத்தம். 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் சுமார் 10,000 பள்ளிகளை இணைக்க முயன்று 2019இல் முடிவுக்கு வந்தது; ஆசிரியர்கள் அதன் கற்றல் தளத்தை விட்டு வேறு தளத்துக்கு மாறவேண்டியிருந்தது. எங்கோ இருக்கும் தளத்தை நம்புவதோடு, பள்ளிக்குள்ளேயே ஒன்று இருப்பதும் தேவை என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

பள்ளிக்குள்ளேயே இப்படி ஒன்று வைப்பது கனவு அல்ல என்பதற்கு ஓர் உதாரணம். இன்டர்நெட் இன் எ பாக்ஸ் என்ற கட்டற்ற திட்டம், ஏழை நாடுகளின் பள்ளிகளுக்காக ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியில் விக்கிப்பீடியா, கோலிப்ரி என்ற கற்றல் தளம், மூடில் எல்லாவற்றையும் நிறுவித் தருகிறது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற இயக்கத்தின் பள்ளி சர்வரிலிருந்து வளர்ந்தது அது. அதன் நிறுவி பெரும்பாலும் ஆன்சிபிள்தான். எந்தச் சேவை வேண்டும், எது வேண்டாம் என்று ஒரே ஒரு மாறிகள் கோப்பில் குறித்துவிட்டு ஓட்டினால் போதும். அதன் கோப்புகள் திறந்தே கிடக்கின்றன. படிக்கத் தொடங்குகிறவர்கள் அங்கே போய், கிவிக்ஸுக்கு எழுதியிருக்கும் பகுதியை மட்டும் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். லினக்ஸ் அடிப்படைக்குத் தமிழில் 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும், து. நித்யா எளிய தமிழில் எழுதிய நூல்களும் இருக்கின்றன.

டாக்கரைப் பற்றிக் கேட்பீர்கள். டாக்கரில் ஒரு கன்டெய்னருக்குள் பொதுவாக ஒரே நிரல். அதை அமைக்கும் வேலை படிமம் கட்டும்போதே முடிந்துவிடும். அங்கே ஆன்சிபிளுக்கு வேலை குறைவு. இன்கஸின் கன்டெய்னர் முழு லினக்ஸ் கணினியைப் போல, சேவைகளோடும் பதிவுகளோடும் பயனர்களோடும் வாழ்வது. கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு இதுவே ஏற்றது. உள்ளே கற்றது வெளியே உண்மையான சர்வரிலும் அப்படியே செல்லும்.

கோப்பு எழுதியாயிற்று என்று தரவை மறந்துவிடாதீர்கள். நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது கோப்பில் வராது. அது தினமும் வேறொரு வட்டுக்குப் போகவேண்டும். அதே வட்டில் எடுக்கும் உடனடி நகலான ஸ்னாப்ஷாட் காப்புநகல் ஆகாது. வட்டு போனால் இரண்டும் போகும். கடவுச்சொற்களைக் கோப்பில் வெறுமனே எழுதாமல் ஆன்சிபிளின் வால்ட் கொண்டு பூட்டுங்கள். அந்தப் பூட்டின் சாவியைத் தலைமையாசிரியர் ஓர் உறையில் போட்டு அலுவலகப் பெட்டியில் வைத்திருக்கட்டும்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். காப்புநகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நூலகக் கன்டெய்னரை அழித்துவிடுங்கள். கோப்பை எழுதியவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. வேறொருவர், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் முன்னாள் மாணவர்கள் இருவர் என்றால் இன்னும் நல்லது, கோப்பையும் காப்புநகலையும் மட்டும் வைத்து அதை மீண்டும் எழுப்பட்டும். முதல் முறை ஏதாவது ஒன்று கட்டாயம் விடுபட்டிருக்கும். அச்சுப்பொறிக்கான ஓர் அமைப்பு, ஒரு தமிழ் எழுத்துரு, கையால் திருத்திவிட்டு எழுத மறந்த ஒரு வரி. அதை அன்றே கோப்பில் சேர்த்து, யார், ஏன் சேர்த்தார் என்று கிட்டில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு, மறுபடியும் அழித்து எழுப்புங்கள்.

நான் ஒரு பழைய கணினியில் டெபியனும் இன்கஸும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே ஒரு கன்டெய்னரும் இல்லை. விருப்பமுள்ளவர்கள் தேநீர் முடிந்ததும் முன்மேசைக்கு வாருங்கள். நேர மண்டலத்தின் வரியிலிருந்து தொடங்கி, நூலகத்துக்கான கோப்பைச் சேர்ந்தே எழுதுவோம்.